மேலே பார்த்த பூனை

பூனை முகம் வரைவதைப் போலச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று ஏழு வருடமாக யூ.கே.ஜி. பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். ஒரு வட்டம். மேலே ரெண்டு சமோசா, அதுதான் காது. நட்டநடுவில் ரெண்டு பொட்டு, கண். கீழே குட்டி மூக்கு. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு மீசை. நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் முப்பது பூனைகள் தயாராகிவிடும். முப்பதும் ஒரே அச்சு. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஃபாயிஸாவின் பூனை மட்டும் அடங்காது. வட்டம் ஒழுங்காகப் போடுவாள். கண் இரண்டையும் கொண்டுபோய் உச்சியில், விளிம்பை ஒட்டி வைப்பாள். காது பாதிதான் தெரியும். கண்ணுக்குக் கீழே அத்தனை இடமும் வெறும் தாடை. பூசணிக்காய்க்கு மீசை முளைத்த மாதிரி இருக்கும்.

“கண்ணு நடுவுல தங்கம்,” என்பேன்.

“எங்க பூனைக்கு இங்கதான் மிஸ் இருக்கு,” என்பாள். ஐந்து வயதுதான். குரலில் துளி சந்தேகம் இருக்காது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரப்பரை எடுத்து நானே அழித்துவிட்டு நடுவில் போட வைப்பேன். மறுநாள் கண் மறுபடியும் மேலே ஏறியிருக்கும்.

ஜனவரியில் ஊரில் ஒரு சங்கம் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தது. தலைப்பு, ‘எனக்குப் பிடித்த விலங்கு’. வகுப்பிலேயே வரைய வைத்து, பள்ளிக்கு ஐந்து படம் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால், மதிய இடைவேளையில் டீச்சர்கள் உட்கார்ந்து கறுப்பு ஸ்கெட்சால் பார்டர் இழுப்போம். இதற்கு டச்சப் என்று பெயர். அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் இதே கதைதான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, நானும்தான்.

ஃபாயிஸாவின் படத்தில் கலர் அருமையாக இருந்தது. மஞ்சளும் பழுப்புமாக, கோட்டைத் தாண்டாமல் கலர் பென்சிலால் தீட்டியிருந்தாள். கண்தான் காரியத்தைக் கெடுத்தது. ஒயிட்னரை எடுத்து இரண்டு கண்ணையும் மூடினேன். காய்ந்ததும் மேலே மஞ்சளைத் தேய்த்துவிட்டு, நட்டநடுவில் பெரிய உருண்டைக் கண்களை வைத்தேன், இமை முடியோடு. காதை நிமிர்த்தினேன். பார்டர் இழுத்தேன். எனக்கே கை தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் பரிசு வந்தது. பள்ளி வாசலில் படத்தோடு ஃபாயிஸாவின் போட்டோவையும் போட்டு பேனர் கட்டினார்கள். அவள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“இது என் பூனை இல்ல மிஸ்.”

“உன்னோடதுதான். கீழ உன் பேரு போட்டிருக்கு பாரு.”

எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் பெயரேதான். வகுப்புக்குப் போய்விட்டாள். அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது. உறுத்தலோடு டிபன் பாக்ஸைத் திறந்து வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அத்தா அக்பர் அலிக்கு நாகல் நகரில் கறிக்கடை. “ஒரு நடை கடைக்கு வாங்க மிஸ், படத்துக்கு ஃபிரேம் போட்டு மாட்டிருக்கேன்,” என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு போனேன். தராசுக்கு மேலே படம் தொங்கியது. கறி வாங்க நின்ற நாலைந்து பேரிடமும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எம் மக வரைஞ்சது. அந்தக் கண்ணப் பாருங்க, உசுரோட இருக்குல்ல? இம்புட்டு வயசுல எப்புடி வருதுங்கிறேன்!”

பாராட்டியது அந்தக் கண்ணைத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடை ஓரத்தில் ஒரு குட்டி ஸ்டூலில் ஃபாயிஸா உட்கார்ந்திருந்தாள். தப்பித்தால் போதும் என்று அவளிடம் போய், பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“எங்க உங்க பூனை?”

விரலை நீட்டினாள். கறி வெட்டும் கட்டைக்கு எதிரே, மஞ்சளும் பழுப்புமாக உட்கார்ந்திருந்தது. எப்போது துண்டு விழும் என்று, அவள் அத்தாவின் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நின்றபடி பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் உயரத்திலிருந்து பார்த்தேன். கண் இரண்டும் உச்சியில் இருந்தன. காது பின்னால் சாய்ந்து பாதிதான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே முழுக்கத் தாடை.

அவள் பார்த்ததை வரைந்திருக்கிறாள். நான் ஏழு வருடமாக எந்தப் பூனையையும் பார்க்காமலே வரைந்து வந்திருக்கிறேன்.

“ஃபாயிஸா, நீ போட்டதுதான் சரி. மிஸ்தான் தப்பா மாத்திட்டேன்.”

அவள் யோசித்தாள். “தப்பாப் போட்டா பிரைஸ் குடுப்பாங்களா மிஸ்?”

எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். “பாய், அந்தக் கண்ணு அவ வரைஞ்சதில்ல. அவ வச்சத அழிச்சிட்டு நான் வரைஞ்சது.”

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு அவர் சிரித்தார். “அதனால என்னா மிஸ்? அவ சரியாப் போடலன்னுதான திருத்துனீங்க? டீச்சர் கைபட்டாத்தான் புள்ளைக்கு வரும்.” வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்செலும்பாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஏனென்றால் அவர் சொன்னதை ஃபாயிஸாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை நான் போர்டில் ஒன்றும் வரையவில்லை. “வீட்டுல, தெருவுல நீங்க பாத்த பூனைய அப்படியே போடுங்க,” என்றேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் முழித்தார்கள். பிறகு குனிந்து வட்டம் போட்டார்கள், மேலே ரெண்டு சமோசா வைத்தார்கள்.

ஃபாயிஸா நோட்டோடு என்னிடம் வந்தாள். வட்டம் இருந்தது. மூக்கு, மீசை எல்லாம் இருந்தன. காது இரண்டும் நிமிர்ந்து நின்றன. கண் மட்டும் இல்லை.

“கண்ணு எங்க வைக்கணும் மிஸ்?”

“உங்க பூனைக்கு எங்க இருக்கோ அங்க வை தங்கம்.”

“நான் வச்சா தப்பாயிரும். நீங்க வைங்க மிஸ்.”

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மணி அடிக்கும்வரை அவள் பென்சிலை நீட்டியபடி, என் கை எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.