நாற்பத்தெட்டு மணி நேர ஊறல்

ராமசுப்புவின் வீட்டு முன்னறையில் எட்டு விண்ணப்பங்கள் மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன. புகைப்படங்களைத் தீப்பெட்டி ஒட்டுகிற பசையால் ஒட்டியிருந்தார்கள். தீப்பெட்டி முதலாளி வீட்டில் எதை ஒட்டுவதென்றாலும் அந்தப் பசைதான். மாதவன் வாசலில் நின்றபடியே எண்ணினான். அவன் பார்க்க வந்தது ஒரே ஒரு விண்ணப்பத்தை. அவனுடையதை.

மற்ற ஏழிலிருந்தும் ஆட்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ராமசுப்பு, அவர் மனைவி செண்பகவல்லி, இரண்டு மருமகன்கள், ஆலைக் காவலாளி, கார் ஓட்டுகிற முத்துசெல்வம், கடைசியில் சமையல்கார வெயிலம்மாள். அவள் படத்தில் மட்டும் லேசான சிரிப்பு இருந்தது. பீர் காய்ச்சப் போகிறவர்கள் இவர்கள்.

மாதவன் பத்தொன்பது வருடம் வடக்கே ஒரு பெரிய பீர் ஆலையில் இருந்தவன். அங்கே தினமும் லாரி லாரியாக ஒரே மஞ்சள் தண்ணீர் போனது. அரசுக் கடையில் அதை நாக்கு மரத்துப்போகும் குளிரில் வைத்துத்தான் விற்பார்கள். நாக்கு விழித்துக்கொண்டால் துப்பிவிடும். குடிக்கிறவனுக்கும் அது தெரியும். தெரிந்தே கம்பித் தடுப்புக்குள் வரிசையில் நின்று, கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு போவான். காய்ச்சுகிற ஆலைகளை மாதவன் எவ்வளவு இளப்பமாக நினைத்தானோ, அவ்வளவு இளப்பமாகத்தான் அந்த வரிசையையும் நினைத்தான். கரிசலில் விளைகிற கம்பில் ஒரு பீர் காய்ச்சினால் அது எப்படி இருக்கும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பெங்களூரில் நண்பன் வைத்திருந்த சிறிய காய்ச்சுகூடத்தில் நாலு முறை காய்ச்சிப் பார்த்திருக்கிறான். நாலாவது முறை குடித்துவிட்டு நண்பனும் அவனும் வெகுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான்.

இப்போது சட்டம் தளர்ந்திருந்தது. பெரிய ஆலைகள் மட்டுமே காய்ச்சலாம் என்றிருந்த இடத்தில், உள்ளூர்த் தானியத்தைக் கொண்டு சிறிய அளவில் காய்ச்சுகிறவர்களும் உரிமம் கேட்கலாம் என்று ஆணை வந்தது. ஆளுக்கு ஒரு உரிமம். விண்ணப்பிக்கிறவருக்குத் தானியத்தைப் பக்குவப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலர் நேரில் விசாரிப்பார். தள்ளுபடியானால் ஐந்து வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. மாதவனுக்கு நாற்பத்தேழு வயது. ஐந்து வருடம் காத்திருக்கிற வயதாக அவனுக்கு அது படவில்லை.

காய்ச்ச நல்ல தண்ணீர் வேண்டும். கோவில்பட்டியைச் சுற்றி எங்கே தோண்டினாலும் உவர்ப்பு. எட்டயபுரம் சாலையில் ராமசுப்புவின் தோட்டக் கிணறு ஒன்றுதான் அவன் நாக்குக்குச் சம்மதமாக இருந்தது. அதற்காக மட்டுமே அவன் அந்த வீட்டுப் படி ஏறினான். கிணற்றோடு ஒரு கொட்டகையைக் குத்தகைக்குக் கேட்டான். ராமசுப்பு உடனே சரி என்றார்; விண்ணப்ப வேலையையும் தன் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எட்டு எதற்கு என்று கேட்டான்.

"தம்பி, ஒரு பெட்டிக்குள்ள ஒத்தக் குச்சியவா வைப்பாவ?" என்றார் ராமசுப்பு. அவருக்கே அது பிடித்துப்போய் ஒருமுறை சிரித்துக்கொண்டார்.

அந்தக் குடும்பத்துக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது. சிறிய தீப்பெட்டி ஆலைகளுக்கு வரிச்சலுகை இருந்த காலத்தில் ராமசுப்புவின் அப்பா ஒரே ஆலைக்கு ஆறு வாசல் வைத்து, ஆறு பெயர்ப்பலகை மாட்டினார். உள்ளே சுவர்கள் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதிகாரி ஒரு வாசலில் நுழையும்போது அடுத்த வாசல் தயாராகிக்கொண்டிருக்கும். சிறியவன் பிழைக்கட்டும் என்று வந்த சலுகையைப் பெரியவன் துண்டு துண்டாகி நின்று வாங்கினான். இப்போது தோட்டத்தையும் அப்படியே எட்டாக வெட்டி, எட்டு பேருக்கும் பத்து வருடக் குத்தகை பதிவு செய்து, கிணறு எல்லாருக்கும் பொது என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். எட்டு பேரில் ஒருத்தருக்காவது கிடைக்கும். யாருக்குக் கிடைத்தாலும் அது ராமசுப்புவுக்குக் கிடைத்ததுதான்.

ராமசுப்புவின் கணக்கப்பிள்ளை முத்துகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றார். செய்முறைத் தாள் மட்டும் பாக்கி, சார் எழுதியிருப்பதை மற்ற ஏழு பேருக்கும் ஒரு பிரதி கொடுத்தால் போதும் என்றார். இருபத்தெட்டு வருடம் அதிகாரிகளைச் சமாளித்தவர். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால்தான் மாட்டுவோம், ஒரே மாதிரி இருந்தால் எந்த அதிகாரியும் இரண்டாவது தாளைப் படிக்கமாட்டார் என்று தன் தொழில் ரகசியத்தையும் சேர்த்துச் சொன்னார். மாதவன் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் சொல்வதைக் காதில் வாங்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

இது மோசடி, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் கிணறு போய்விடும். அதைவிட, இவர்களிடம் ஒரு முழு வாக்கியம் பேசுவதே தன் தரத்துக்குக் குறைவு என்று அவனுக்குத் தோன்றியது. பேசாமல் வீட்டுக்குப் போனான்.

தன் தாளில் உள்ளபடியே விட்டான்: கம்பு பத்து மணி நேரம் ஊற வேண்டும், நடுவில் இருமுறை தண்ணீரை வடித்துக் காற்றாட விட வேண்டும், பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் ஈரத்துணியில் முளைக்க வேண்டும். மற்ற ஏழு பேருக்கான தாளில் இரண்டு எண்களையும் இடம் மாற்றினான். நாற்பத்தெட்டு மணி நேரம் ஊறல், பத்து மணி நேரம் முளைப்பு. இந்த ஊர் வெக்கையில் நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் கம்பு அழுகி, தெரு முழுக்க நாறும். ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரியப்போவதில்லை. எண்களை மாற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தான்.

விசாரணைக்குத் தூத்துக்குடிக்கு ஒரே வேனில் போனார்கள். முதல் நாள் பெய்த மழையில் கரிசல் மண் எல்லாருடைய செருப்பிலும் அப்பி, ஆளுக்கு ஒரு அங்குலம் உயரம் கூடியிருந்தது. முத்துகிருஷ்ணன் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"ஊறல் எத்தன?"

"நாப்பத்தெட்டு."

"முளைப்பு?"

"பத்து."

மூத்த மருமகன் இரண்டு முறை மாற்றிச் சொல்லி, இரண்டு முறையும் திட்டு வாங்கினான். அவன் மாற்றிச் சொன்னதுதான் சரி. மாதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

வெயிலம்மாள் கடைசி சீட்டில் எல்லாருக்குமான புளிசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாளை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு தாளை மடித்துவிட்டு மாதவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். புளிசாதம் தரப்போகிறாள் என்று அவன் நினைத்தான்.

விசாரித்த அலுவலர் ஆசிபா, வேளாண்மை படித்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எட்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார். ராமசுப்பு நாற்பத்தெட்டு என்றார். செண்பகவல்லி நாற்பத்தெட்டு என்றாள். மருமகன்களும் காவலாளியும் சொன்னார்கள். முத்துசெல்வம் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல எழுந்து நின்று சொன்னான். அலுவலர் எதையும் மறுக்காமல் ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி எழுதினார். அந்தப் பேனாச் சத்தம் மாதவனுக்கு இதமாக இருந்தது.

ஏழாவதாக அவனைக் கூப்பிட்டார். பத்து மணி நேரம், இடையில் இரண்டு முறை நீர் மாற்ற வேண்டும் என்று அவன் நிதானமாகச் சொன்னான். அலுவலர் நிமிர்ந்தார். அறைக்குள் இப்போதுதான் ஓர் ஆள் நுழைந்ததுபோல அவனைப் பார்த்தார். பிறகு நடுத்தாளைப் புரட்டினார்.

"உங்க விண்ணப்பத்தில நாற்பத்தெட்டுன்னு இருக்கே."

மாதவன் குனிந்து பார்த்தான். முதல் தாளில் அவன் படம், கடைசித் தாளில் அவன் கையெழுத்து. நடுத்தாள் அவன் தட்டச்சு செய்ததல்ல. மற்ற ஏழோடு ஒத்துப்போகாத ஒரே தாளை முத்துகிருஷ்ணன் கண்டுபிடித்து, தன் இருபத்தெட்டு வருட அனுபவத்தைக் கொண்டு சரிசெய்திருந்தார். மாதவன் திரும்பினான். கதவோரம் நின்ற முத்துகிருஷ்ணன், கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கொண்டேன் என்பதுபோலத் தலையசைத்தார். முகத்தில் அவ்வளவு பரிவு.

"எது சரி?" என்றார் அலுவலர். "நீங்க சொல்றதா, எழுதிக் கையெழுத்துப் போட்டதா?"

தாளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால், மற்ற ஏழு பேருக்கும் தாள் எழுதித் தந்தது யார் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கும் பதில் சொல்லலாம். சின்ன வாக்கியம்தான். அதைச் சொன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தனக்கும் ஒரு வித்தியாசமும் இராது. தன் மௌனத்தை அவன் இத்தனை காலமும் ஒரு உயரமாகத்தான் நினைத்திருந்தான். இப்போது அதில் ஏறி நின்றுகொண்டு இறங்க வழி தெரியவில்லை. அலுவலர் நாகரிகமாகக் காத்திருந்துவிட்டு, அவன் தாளிலும் அதே வரியை எழுதினார்.

கடைசியாக வெயிலம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஊறல் எத்தனை மணி நேரம் என்று கேட்டார்.

"சாயந்தரம் போட்டா விடியக்காலம் எடுத்துருவேன். நடுவுல ரெண்டு தடவ தண்ணி மாத்துவேன்."

"தாள்ல வேற மாதிரி இருக்கேம்மா."

"அது தப்பும்மா. ரெண்டு நம்பரும் எடம் மாறிக் கெடக்கு. அம்புட்டு நேரம் போட்டா நாய்கூட கிட்ட வராது."

இந்தத் தாளை நீங்கள் எழுதவில்லையா என்று கேட்டார். தான் எழுதவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன் என்றாள் ஒளிக்காமல். முதலாளி வீட்டுச் சத்துமாவுக்குக் கம்பு முளைகட்டிக் காயவைப்பது பன்னிரண்டு வருடமாகத் தன் வேலை என்றாள். மாடியில் வேட்டி விரித்து முளைக்கம்பு காய்ந்ததை மாதவனும் பார்த்திருக்கிறான். மிதித்துவிடாமல் தாண்டிப் போயிருக்கிறான்; குனிந்து ஒரு மணியைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை.

"பீர் காய்ச்சத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவியள வேலைக்கு வச்சுக்கிடுவேன்."

"உரிமம் கிடைச்சா தொழில யார் நடத்துவா?"

வெயிலம்மாள் ராமசுப்பு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "எம் பேருதான போட்டிருக்கு" என்றாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஏழு தள்ளுபடி, ஒன்று அனுமதி. ராமசுப்பு ஆலை முழுக்க அல்வா கொடுத்தார். எட்டில் ஒன்று விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டாவது நாள் வெயிலம்மாள் சமையலறைச் சாவியைச் செண்பகவல்லியிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் தன் பங்குக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கப் போய்விட்டாள். ராமசுப்பு முதலில் சிரித்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார். குத்தகைப் பத்திரத்தை ஓட்டை ஒடிசல் இல்லாமல் எழுதியிருப்பதாக வக்கீல் பாராட்டினாராம். அந்த வீட்டுக்கு ஒரு வாரமாக ஓட்டலிலிருந்து சாப்பாடு போகிறது என்று கேள்விப்பட்டபோதுகூட மாதவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளே ஆள் அனுப்பினாள். போகக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தான். மூன்றாவது நாள் காலையில் போனான். வெயிலம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. உட்காரவும் அங்கே ஒன்றும் இல்லை.

என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று அவன்தான் ஆரம்பித்தான். அதில் கொஞ்சம் கேலி இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கணும் சார். அந்த நம்பர எடம் மாத்துனது ஆரு? கணக்கப்பிள்ள ஐயாவா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். முத்துகிருஷ்ணன் தலையில் கட்ட எல்லா நியாயமும் இருந்தது. மாதவன் கிணற்றுக்குள் பார்த்தான். மழைக்குப் பிறகு தண்ணீர் மேலே ஏறி, படிக்கட்டில் பாதியை மூடியிருந்தது.

"நான்தான்" என்றான்.

"அப்படித்தான் நெனச்சேன். தெரிஞ்ச ஆளு மாத்துன மாதிரித்தான் இருந்துச்சு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். அரசுக் கடை வரிசையையும், வேனில் மனப்பாடம் செய்தவர்களையும், மாடியில் காய்ந்த கம்பையும் அவன் பார்த்த பார்வை. அது தன்மேல் விழும்போது எப்படி இருக்கும் என்பது மட்டும் இதுவரை தெரியாமல் இருந்தது.

"நாளைக்குக் காலைல வாங்க" என்றாள் வெயிலம்மாள், மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு. "காய்ச்சுத வேலையெல்லாம் ஒங்களுது. கம்ப நானே ஊறப் போட்டுக்கிடுதேன். அதுல நீங்க கை வைக்க வேண்டாம்."

சரி என்றான் மாதவன். உமி காற்றில் பறந்து அவன் சட்டையில் ஒட்டியது. தட்டிவிடாமலே நடந்தான்.