கொடியில் மிஞ்சிய ரத்தம்

இசைவாணிக்கு வேண்டியிருந்தது ஒரு டம்ளர் ரத்தம்கூட இல்லை. பிள்ளை பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய பிறகு அதில் மிஞ்சி நிற்கிறதே, அதுதான். ஆஸ்பத்திரிகளில் அது கழிவோடு கழிவாகப் போய்விடும். ஆனால் ரத்தத்தையே உண்டாக்கும் தாய்ச்செல்கள் அதற்குள் இருக்கின்றன.

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் மூன்று வருடமாக அவள் அவற்றுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். எலும்புக்குள் மஜ்ஜை இருப்பதுபோலவே பொந்து பொந்தாக, நகத்தளவில் ஒரு ஸ்பாஞ்சு. வெறும் தட்டில் வளர்த்தால் தாய்ச்செல்கள் சீக்கிரமே சாதாரண ரத்த அணுக்களாக மாறிவிடும். பொந்துகளில் ஒண்டிக்கொண்டால் தாயாகவே பெருகும் என்று நம்பினாள். இரண்டு முறை பூஞ்சை பிடித்து எல்லாம் பாழாயிற்று.

இரண்டாவது முறை திண்டிவனத்து வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளிடம், நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்த அண்ணி தையல்நாயகிதான் சொன்னாள்: "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்க? எனக்குப் பொறக்கும்போது எடுத்துக்க. தூக்கிப் போடறதுதானே?"

அண்ணன் கோகுலகிருஷ்ணனுக்கு மனசில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று மூன்று தரம் கேட்டான். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைத்தது. தையல்நாயகி சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது. இசைவாணி ரத்தம் பிடிக்கும் பையோடும் குளிர்பெட்டியோடும் ஓடிவந்தபோது, பிரசவ அறை வாசலில் டாக்டரம்மா நிறுத்தினார்.

"குறைமாசக் குழந்தைம்மா. கொடியைக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் வெட்டப்போறோம். அதுல இருக்கிற ரத்தம் குழந்தைக்குப் போகணும். உங்க பைக்கு மிஞ்சறது கஷ்டம்."

ஆய்வகத்தில் நனைத்துத் தயாராக வைத்த ஸ்பாஞ்சுகள் நாளை மறுநாள் வரைதான் தாங்கும். அவள் அதை நினைத்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"கடைசிச் சொட்டு வரைக்கும் குழந்தைக்கே போகட்டும் டாக்டர். எனக்கு வேணாம்."

பெண் குழந்தை, இரண்டு கிலோ சொச்சம். வீறிட்டு அழுதது. வாசலில் அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது தையல்நாயகி பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். சாரா பீவி, கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் துபாயில், தாய்வீடு விழுப்புரம். அன்றைக்கோ மறுநாளோ பிரசவம்.

"இவதான் என் நாத்தனாரு," என்றாள் தையல்நாயகி. "எலும்புக்குள்ள ரத்தம் ஊறுது பாரு, அந்த எடத்த வெளிய ஸ்பாஞ்சில கட்டிக்கினு இருக்கா. எம்பொண்ணுக்கோசரம் கைல வந்தத வேணாம்னுட்டா."

சாரா பீவி இசைவாணியை ஏற இறங்கப் பார்த்தாள். "ரத்தப் புற்று வந்தவங்களுக்கா?"

"பின்னாடி அப்படி உதவலாம் அக்கா. இப்போ வெறும் ஆராய்ச்சிதான். உறுதியா சொல்ல முடியாது."

"எங்க சின்னம்மா புள்ள அதுலதான் மவுத்தாச்சு. மஜ்ஜை குடுக்க ஆள் பொருந்தல." அவள் கையை நீட்டினாள். "பாரத்த எடு. ஆனா உன் அண்ணிக்குச் செஞ்சதுதான் எனக்கும். புள்ளைக்குப் போவ மிஞ்சுனாதான்."

"சத்தியமா அக்கா."

அன்று சாயங்காலம் நிறைமாசமாக ஒரு பையன் பிறந்தான். அவனுக்குப் போக முக்கால் பை மிஞ்சியது. கோகுலகிருஷ்ணனே வண்டியை எடுத்தான். பள்ளம் வந்தபோதெல்லாம், "குலுங்குனா செத்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே புதுச்சேரி வரை மெல்ல ஓட்டிக்கொண்டு போனான்.

பன்னிரண்டாம் நாள் ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்தார்கள். தட்டில் வளர்ந்தவற்றில் தாய்ச்செல்கள் அநேகமாகத் தீர்ந்திருந்தன. ஸ்பாஞ்சிலோ, போட்டதைவிட நாலு மடங்கு இருந்தன. இன்னும் பலமுறை செய்து பார்க்க வேண்டும். இருந்தாலும் இசைவாணி முதல் ஆளாகச் சாரா பீவியை வீடியோவில் கூப்பிட்டு, நுண்ணோக்கியில் தெரிந்ததைக் காட்டினாள். பொந்துக்குள் மணிமணியாகக் கொத்துக் கொத்தாய் உட்கார்ந்திருந்தன.

மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாரா பீவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வேளாவேளைக்கு அதுங்களுக்குச் சாப்பாடு குடுக்கிறியா?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா அக்கா. ஞாயித்துக்கிழமைகூட வந்துடறேன்."

"நீ சாப்டியா?"

இசைவாணி மணியைப் பார்த்தாள். மூன்றரை ஆகியிருந்தது. "இல்லக்கா" என்றாள்.

"போ, மொதல்ல போய்ச் சாப்டு."