கடைசிப் பந்தி

கரண்டி முதலில் பரிமளாவின் தோளில் விழுந்தது, அடுத்து வாயில். குழம்புச் சட்டியோடு மயங்கி விழுந்த பெண்டாட்டியை எழுப்பத் தினகரனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"இன்னாடி, நடிக்கறியா? அறுப்பு ஆளுங்க சோத்துக்கு ஒக்காந்துகினு கீறாங்க!"

"அந்த மாத்திரைய போட ஆரம்பிச்சதுலருந்து இதே பேஜார்தான்," என்றாள் மாமியார் எல்லம்மாள். கொட்டிப்போன குழம்புக்காகத்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அந்த நேரம் பார்த்து நிஷா வாசலில் செருப்பைக் கழற்றினாள். உத்திரமேரூர் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சர்க்கரை நோய்க்குப் புது மாத்திரை கொடுத்து ஆராய்ச்சி செய்கிற டாக்டர்களுக்காக ஊர் ஊராகப் போய் விவரம் எடுப்பவள். ஓடிவந்து, கண் விழித்த பரிமளாவின் வாயில் சர்க்கரையைப் போட்டாள். ரத்தத்தோடு சேர்த்து அதை விழுங்கினாள் பரிமளா.

சர்க்கரை இறங்கிய கணக்கின் மொத்தச் சராசரியைப் பார்த்தால் அந்த மாத்திரை தங்கம். மயங்கி விழுந்தவர்களை ஆண், பெண் என்று பிரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஆண்களில் நூற்றுக்கு இரண்டு பேர் மயங்கினால் பெண்களில் நாற்பது பேர். பெண் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர்கள் முடிவுகட்டப் போனார்கள். நிஷாவுக்கு மனசு கேட்கவில்லை. மாத்திரை போட்ட அரைமணியில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதாகத்தான் எல்லாப் படிவத்திலும் இருந்தது. ஆனால் பெண்களுக்கும் சேர்த்துப் பதில் சொன்னது வீட்டு ஆம்பளைகள் அல்லவா!

"அக்கா, மாத்திரை போட்டுட்டு எப்ப சாப்புட்றீங்க?"

"எங்ககூடத்தான் துன்றா. எழுதிக்கோ," என்றான் தினகரன்.

"அண்ணே, அக்காவே சொல்லட்டும்."

பரிமளா கரண்டியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் உதை. சொல்லாவிட்டால் நாளைக்கும் மயக்கம், ஒருநாள் எழுந்திருக்காமலே போய்ச்சேர வேண்டியதுதான்.

"ஆறரைக்கு மாத்திரை. எல்லாரும் துன்னு முடிச்சப்பறந்தான் எனக்கு. பதினோரு மணி ஆவும். அறுப்பு நாள்ல ரெண்டு."

பளாரென்று அறைந்தான். "குடும்ப மானத்த ரோட்டுல வுடறியா?"

"இன்னொரு தபா கை வெச்சா ஸ்டேஷனுக்குப் போவேன்!" என்று நிஷா குறுக்கே பாய்ந்தாள்.

"ரெண்டு மணி. எழுதிக்கம்மா," என்றாள் பரிமளா.

அதற்கப்புறம் நிஷா வீடு வீடாகப் பெண்களையே கேட்டாள். கடைசியில் சாப்பிடுகிறவர்களைத் தனியாகப் பிரித்துப் போட்டதும், மயங்கி விழுந்தவர்கள் அநேகமாக எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்களுக்கு ஆண்களைப் போலவே மாத்திரை கேட்டிருந்தது.

டாக்டர்கள் மெச்சினார்கள். மெச்சிவிட்டு என்ன செய்தார்கள் தெரியுமா? கடைசியில் சாப்பிடுகிறவர்களுக்கென்று, வெறும் வயிற்றிலும் மயக்கம் வராத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடப்பாவிகளா, அவளுக்கும் சேர்த்துத் தட்டு வையுங்கள் என்று சொல்ல ஒரு வாய் இல்லாமலா போயிற்று!

"அப்பாடா! இனிமே பட்டினியா கெடந்தாலும் வுழ மாட்டாளாம். வேல கெடாது," என்று எல்லம்மாள் பூரித்துப்போனாள்.

மறுநாள் காலை பரிமளா அந்த மாத்திரையை விழுங்கினாள். தட்டை எடுத்துச் சுடுசோற்றைப் போட்டாள். தனக்குத்தான் என்று தினகரன் கையை நீட்டினான். அவள் தட்டோடு அவனுக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் கை கரண்டிக்குப் போனது.

"அடிய்யா," என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "துன்னுட்டு வாங்கிக்கறேன்."