இந்த ஒண்ணு மட்டும்

ஆக்ஸிஜன் சிலிண்டரை வீல்சேரின் அடியில் வைத்துக் கட்டும்போது அவள் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியதை அப்பா பார்த்துவிட்டார்.

"பயமா இருந்தா வேண்டாம்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்," என்றார். சொல்லிவிட்டுச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்கிறவர் எதற்குப் பித்தான் போட வேண்டும்?

பயமாகத்தான் இருந்தது. இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம், படுக்கையை விட்டு எழுப்பவே கூடாது என்று மருத்துவர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அப்பா இருப்பது அண்ணன் வீட்டில். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அவள் கச்சேரிப் பேச்சை எடுத்ததும், "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றான். அவன் சொன்னால் செய்கிறவன். அச்சகத்தில் அவனுக்கு ஆறு மணி வரை வேலை. கச்சேரி நாலு மணிக்கு. ஐந்தரைக்கு முடிந்துவிட்டால், அவன் வருவதற்குள் அப்பாவைக் கொண்டுவந்து அதே கட்டிலில் அதே போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்துவிடலாம். மருந்துக் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தவளின் திட்டம் அவ்வளவுதான்.

அப்பா முப்பத்தொரு வருடம் அந்த அரங்கத்தில் கதவுக்காரராக இருந்தவர். வாசிப்பு தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பதுதான் வேலை. ஒரு உருப்படி முடிகிறவரை மந்திரியே வந்தாலும் திறக்க மாட்டார். ஒரு விரற்கடை திறந்தாலும் வெளி வெளிச்சம் மேடைவரை போய் விழும் என்பதால் தானும் எட்டிப் பார்த்ததில்லை. இடையில் திறக்கும்போதும் தாமதமாக வந்தவர்களை உள்ளே விட்டு மூடவே நேரம் சரியாக இருக்கும். கதவில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கலைஞர்கள் வருவதும் போவதும் பின்வாசல் வழியாக. ஆனால் வீட்டுக்கு வந்து கச்சேரியைச் சொல்லும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தோற்றுப்போவார். பாதியில் மின்சாரம் போய், பாடகர் ஒரு மணி நேரம் இருட்டிலேயே பாடியதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த கதை. "அன்னிக்கு மட்டும்தான் உள்ள இருந்தவங்களும் நானும் ஒண்ணு. டிக்கெட் வாங்கினவனுக்கும் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு, கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரிப்பார்.

தான் பார்க்க முடியாமல் போன கலைஞர்களைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை, ஒருவரைத் தவிர. வயலின் வாசிக்கும் ஒரு பெண்மணி. அப்பாவின் காலத்தில் நான்கு முறை வந்திருக்கிறார். மூன்றாவது முறை நடுவில் ஒரு தந்தி அறுந்துபோய், மிச்சம் இருந்த மூன்று தந்தியிலேயே வாசித்து முடித்தாராம். "எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டறாங்க. நான் கதவப் பாத்து நிக்கறேன்" என்பார் அப்பா. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். அந்தப் பெண்மணிக்கு இப்போது எண்பது வயது. இதுதான் கடைசிக் கச்சேரி என்று பேப்பரில் போட்டிருந்தது. மூன்று வாரமாக அப்பாவுக்கு வேறு பேச்சில்லை. அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அரங்கத்தில் இப்போது வேறு கதவுக்காரர். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு கடைசி வரிசையின் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். "பழைய இடம்தான் சார். கதவுக்கு இந்தப் பக்கம், அவ்வளவுதான்."

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைப் பிரித்துக் கைக்குள் தயாராக வைத்திருந்தாள். அப்பாவின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து அவளுக்கே மூச்சு முட்டியது.

மேடையில் விளக்கு வந்தது. வயலின்காரம்மா வந்திருக்க வேண்டும். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. வீல்சேரில் இருந்த அப்பாவுக்கு முன்னால் முதுகுகள்தான் இருந்தன.

"எல்லாரும் எழுந்துட்டாங்களே," என்றார்.

"உக்காந்துடுவாங்கப்பா. இருங்க."

உட்கார்ந்தார்கள். வாசிப்பு தொடங்கியது. வெள்ளை முடியும் நீலச் சேலையுமாக, மெலிந்த உருவம் தூரத்தில் தெரிந்தது. அவள் சந்தோஷமாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்று தோளைத் தொட்டாள்.

"என்னம்மா?"

"கண்ணத் தொறங்க. பாக்கத்தானே வந்தீங்க?"

"இரு. மொதல்ல கேட்டுக்கறேன். கண்ணத் தொறந்தா காது சரியா கேக்க மாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது. இதற்காகவா அண்ணனுக்குத் தெரியாமல் இந்த உயிரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்?

இரண்டாவது உருப்படி மெதுவானது. வில் தந்தியைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய வாசிப்பு. அப்போதுதான் சிலிண்டரின் சத்தம் வெளியே தெரிந்தது. விடாமல் ஒரு 'ஸ்ஸ்ஸ்'. முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்த்தார்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அதை நிறுத்தும்மா."

"அதெல்லாம் முடியாதுப்பா."

"கூச்சமா இருக்கு. இருமறவங்களையெல்லாம் வெளியவே நிறுத்தினவன் நான்."

"அப்ப வாங்க, நாமளும் வெளிய போயிடலாம்."

"வெளியவா?" என்றார். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்தார். "வெளியதானே நின்னேன் இத்தனை வருஷம். இந்த ஒண்ணு மட்டும். முடிஞ்சதும் தொறந்துக்கலாம்."

முன்னால் இருந்த தலை மூன்றாவது முறை திரும்பியது. அவள் குனிந்து சிலிண்டரின் திருகை மூடினாள்.

சத்தம் நின்றது. அப்பாவின் முகம் தளர்ந்தது. ஒரு விரல் மட்டும் அவள் உள்ளங்கையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. அந்த விரலையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நிமிடம். நாலு நிமிடம். இப்போது முடிந்துவிடும் என்று தோன்றுகிற இடத்திலெல்லாம் வயலின் இன்னொரு வளைவுக்குள் போனது. இவ்வளவு நீளமாக ஒரு மனுஷி வாசிப்பாளா என்று மனதுக்குள் திட்டினாள். ஏழாவது நிமிடத்தில் விரல் தட்டுவது நின்றது.

"அப்பா."

கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுதான் பேசவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் மூக்கின் அருகே விரலைக் கொண்டுபோனாள். ஒன்றும் படவில்லை. விரலைத் தள்ளி வைத்துவிட்டோம் என்று மறுபடி வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிரித்து, கையில் பிசுபிசுத்துப்போயிருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் தள்ளினாள். நாக்கு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

திருகின்மேல் கை வைத்தாள். திறக்க வேண்டும். திறந்தும் மூச்சு வராவிட்டால்? திறக்காதவரை அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாதான். வாய்விட்டுக் கத்தினால் ஐந்நூறு பேரும் திரும்புவார்கள், கதவு திறக்கும், அண்ணன் வருவான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உருப்படி முடிய இன்னும் ஆறு நிமிடம் ஆனது.

கை தட்டல் எழுந்தபோது பழக்கப்படி கதவு திறந்தது. உள்ளே வந்த கதவுக்காரர் அப்பாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வீல்சேரைத் தள்ளி, இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஆம்புலன்ஸுக்கும் அவரே சொன்னார். அவள் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, நாங்க கச்சேரி அரங்கத்துல இருக்கோம். வா."

எதிர்முனையில் அச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் மருத்துவர் சோதித்துப் பார்த்து, முடிந்துவிட்டது என்று தலையை ஆட்டிய சமயத்தில்தான் அண்ணன் ஓடி வந்தான். முழங்கை வரை மை. அவளைப் பார்த்த பார்வையில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் அப்பாவின் கன்னத்தைத் தொடப் போய், கை மையைப் பார்த்து, புறங்கையால் தொட்டான். அப்படியே வீல்சேரின் அருகே மண்டியிட்டான். பழக்கதோஷத்தில் கை சிலிண்டருக்குப் போனது. ஆறு மாதமாகக் காலையும் மாலையும் அவன்தான் அதைச் சரி பார்க்கிறவன். விரல்கள் திருகைப் பிடித்தன. அசைத்துப் பார்த்தன. நின்றன.

மருத்துவர் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசி வரைக்கும் ஆக்ஸிஜன் போய்க்கிட்டு இருந்ததா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"போய்க்கிட்டுதான் இருந்தது," என்றான் அண்ணன். "இப்பதான் நான் மூடினேன்."

மருத்துவர் எழுதிக்கொண்டார். உள்ளே அடுத்த உருப்படி தொடங்கியிருந்தது. அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் காதுகளின் பின்னாலிருந்து மூக்குக் குழாயை மெல்லக் கழற்றினான். சிக்கு விழாமல் சுற்றி, அவள் கையில் கொடுத்தான்.