ஒன்பது மடங்குக் கண்ணாடி

அக்டோபர் பிறந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும்போதுகூட சாலையோர மேப்பிள் மரங்களுக்கு நடுவில் எதையோ தேடிக்கொண்டே போவேன். பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "ரெஜின் ஆன்ட்டி, எங்க வீட்டைத் தாண்டிட்டீங்க!" என்று கத்தும். ஒரே வாரத்தில் மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்றாவது தடவை அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் நின்று என்னை முறைத்தாள்.

எல்லாம் போன நவம்பரில் வந்த வினை. மான் வேட்டையில் நல்ல கொம்பன் ஒன்று, அறுபது கஜத்தில், பக்கவாட்டாக நின்றது. எனக்கு ஐம்பத்தேழு வயது. தூரத்து மான் பளிச்சென்று தெரிகிறது, குறி பார்க்கத் துப்பாக்கிக் குழலின் மேல், மூக்குக்கு முன்னால் வைத்திருக்கும் பின்குறி மட்டும் கஞ்சிபோலக் கலங்கித் தெரிகிறது. பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று சுட்டேன். வயிற்றில் பட்டுவிட்டது. இரண்டு நாள் ரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து சதுப்புவரை போனோம். அப்புறம் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் குறி தவறியவரின் சட்டை வாலைக் கத்தரித்துக் வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்து வைப்பார்கள். அதை வைத்துப் பத்து வருஷம் சிரிப்பார்கள். காயப்படுத்தித் தொலைத்தவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. என் அண்ணன் ஓவிலாவுக்கு வாய் ஓயாது, தூங்கும்போதுகூடப் பேசுவான். அன்று என் தட்டில் பீன்ஸைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்தான். அதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. இந்த வருஷமும் அப்படி ஏதாவது நடந்தால் காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். காட்டை விட்டால் நவம்பரில் நான் என்ன செய்வேன்?

ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் கண்ணாடிக் குழாய் இருந்தால் பின்குறியே வேண்டாம். அதனால்தான் வெண்டலின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

"அப்பாவோட துப்பாக்கியில ஒரு ஸ்கோப் மாட்டிக் குடு."

வெண்டல் அதை வாங்கி விசைக்குக் கீழே இருக்கும் லீவரை ஒருமுறை இறக்கி ஏற்றினார். "இது காலித் தோட்டாவை மேல பாத்துத் துப்புற ஜாதி. மேல கண்ணாடியை வச்சா எங்க போய்த் துப்பும்? கண்ணாடியிலதான் துப்பும்."

"அப்ப ஓரமா மாட்டு."

"மாட்டலாம். மூஞ்சியைக் கோணிக்கிட்டே குறி பாக்கணும்."

"என் மூஞ்சி ஏற்கெனவே கோணல்தான்னு சொல்ல வர்ற. சொல்லித் தொலை."

"நான் சொல்லலம்மா, நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

லீவரே வேண்டாம், பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் போல்ட் துப்பாக்கி வாங்குங்கள் என்று ஒன்றை நீட்டினார். நாற்பது வருஷம் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்துப் பழகிய கை. அந்த போல்ட்டைப் பிடித்ததும் அடுத்தவர் செருப்பைப் போட்டதுபோல இருந்தது. கடைசியில் பக்கவாட்டில் துப்பும் பழைய லீவர் ஒன்றை எடுத்துவந்தார். அதே முப்பது-முப்பது ரகத் தோட்டா, மேலே தட்டையான முதுகு, ஸ்கோப்புக்கென்றே துளை போட்டது. நான் பையிலிருந்து என் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மெல்லிய சட்டையில் தோளுக்குப் பொருந்துவது தடிக் கோட்டில் அக்குளில் இடிக்கும், அந்தப் புத்தி அவர்களுக்கு எங்கே. எனக்கும் இடித்தது. தோளில் வைக்கும் கட்டையில் அரை அங்குலம் அறுக்கச் சொன்னேன்.

சண்டை வந்தது ஸ்கோப்பில்தான்.

"இரண்டரை மடங்கு போதும். உங்க காட்டுல நூறு கஜம் கண்ணுக்குத் தெரியுற இடம் எங்க இருக்கு?"

"ஒன்பது வரைக்கும் ஏத்துற மாதிரி இருக்கே, அது?"

"அது வயல்வெளிக்காரங்களுக்கு. புதர்ல ஒன்பதுல வச்சுப் பாத்தா மயிர்தான் தெரியும், மான் தெரியாது."

"நீ சொல்றதைக் கேட்டு நான் எப்பவாவது நடந்திருக்கேனா?"

"இல்ல. அதனாலதான் ஒரே வேலைக்கு நாலு தடவை கடைக்கு வர்றீங்க." பெட்டியைத் திறந்து கொடுத்தார். "மூணுலயே வச்சிருங்க. பெரிசாக்குற வளையத்தைத் திருகாதீங்க. ஒரு தடவையாவது கேளுங்க."

தோட்டாவை அடிக்கும் குதிரையின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் குமிழையும் திருகிவிட்டார். லீவர் துப்பாக்கியில் பின்னால் இருக்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினால்தான் சுட முடியும். மேலே ஸ்கோப் வந்தபின் அங்கே கட்டைவிரல் நுழையாது. குமிழ் இருந்தால் பக்கத்திலிருந்து இழுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சரளைக் குழியில் காகிதத் தட்டை வைத்துக் குறி சரிபார்த்தேன். முதல் மூன்றும் இடப்பக்கம் ஒதுங்கின. ஸ்கோப்பின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். அதற்கடுத்த மூன்றும் நடுவில் ஒரு காபிக் கோப்பை மூடும் அளவுக்குள் விழுந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கம்கெட்டதனம்.

வண்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஓவிலா சும்மா இருப்பானா? "ஆகா, ஆஸ்பத்திரியில வச்சிருக்கற மாதிரி பெரிய குழாயா இருக்கே. மானுக்கு வைத்தியமா பாக்கப் போற?"

"உன் பொறாமையை வீட்டுல வச்சிட்டு வாண்ணே."

"ஃப்ளோரியன்கிட்டயும் இதே மாதிரிதான் ஒண்ணு இருந்துச்சு," என்றான். சொன்ன கையோடு காகிதத் தட்டை எடுத்துவர நடந்தான்.

ஃப்ளோரியன் எங்கள் சித்தப்பா மகன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை குடிலில் மூன்றாவது கட்டில் அவனுடையது. ஒரு காலை, ஓடைக்கு அந்தப்பக்கம் அசைந்தது என்னவென்று பார்க்க துப்பாக்கியோடு ஸ்கோப்பைத் தூக்கினான். அசைந்தது ஓவிலா. கண்ணாடி வெயிலில் மின்னியதை அண்ணன் பார்த்துவிட்டான். அப்பா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மனிதன் பக்கம் குழல் திரும்பினால் திருப்பியவனுக்கு அன்றோடு குடிலில் இடமில்லை. "சும்மா என்னன்னுதான் பாத்தேன், சத்தியமா," என்று ஃப்ளோரியன் அழுதான். அவன் பையைத் தூக்கி வாசலில் வைத்தது நான். அதற்கப்புறம் கல்யாணம், சாவு எதிலும் அவன் எங்களோடு பேசியதில்லை, நாங்களும் பேசவில்லை.

வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை. பீச் மரங்கள் நிற்கும் மேட்டில் நான், நீர்நாய்க் குளத்தருகே அண்ணன், பத்து மணிவரை இரண்டு பேரும் இடத்தைவிட்டு அசைவதில்லை என்று பேச்சு. எட்டரைக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலை மாற்றிப் போட்டேன். கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன். வளையத்தை ஒன்பதுக்குத் திருகி எதிரே இருந்த பிர்ச் மரத்தைப் பார்த்தேன். பட்டை உரிந்து சுருண்டிருப்பது வரை தெரிந்தது. மரத்தைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது சருகு நொறுங்கும் சத்தம். நாலு அடி, நிறுத்தம். மறுபடி மூன்று அடி. மான் நடை. ஃபர் மரக்கன்றுகளுக்கு நடுவில், நாற்பது கஜம் இருக்கும், பழுப்பு நிறம் ஒன்று நகர்ந்தது. அதற்கு மேலே கவையாக ஏதோ தெரிந்தது. கொம்பு! கொம்பு இருந்தால்தான் சுடலாம், இதோ இருக்கிறதே! ஒரு வருஷமாக நான் காத்துக் கிடந்தது இதற்குத்தானே. குமிழைப் பிடித்து இழுத்தேன். குதிரை சத்தமில்லாமல் நின்றது. ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுவந்தேன்.

ஒன்பதிலேயே இருந்த கண்ணாடி முழுக்கப் பழுப்பு. கிளை, பழுப்பு, கிளை. முன்காலுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தேடிச் சிலுவைக்கோட்டை மெதுவாக நகர்த்தினேன். இந்தத் தடவை வயிறு இல்லை, நெஞ்சு, நெஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டேன். விரல் விசைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. சிலுவைக்கோட்டுக்கு நடுவில் வட்டமாக, கறுப்பாக ஒன்று வந்து நின்றது. நாலு துளை, நடுவில் நூல்.

மானுக்குப் பொத்தான் கிடையாது.

குழலைத் தரைக்குத் திருப்பினேன். நிறுத்திய குதிரையை இறக்கவேண்டுமானால் விசையை அழுத்தியபடி கட்டைவிரலால் மெல்ல விடவேண்டும். வழுக்கினால் வெடிக்கும். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன். விரல் ஈரமாக இருந்தது. கோட்டில் துடைத்தேன், பிடித்தேன், தைரியம் வரவில்லை. மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவைதான் இறக்க முடிந்தது.

மரக்கன்றுகளை விலக்கிக்கொண்டு பழுப்புக் கோட்டில் ஓவிலா வந்தான். நான் கொம்பென்று நினைத்தது அவன் தலைக்கு மேல் இருந்த காய்ந்த கிளை. மனிதன் என்று தூரத்திலேயே தெரிவதற்காகப் போடும் ஆரஞ்சுத் தொப்பி தலையில் இல்லை.

"ஏ புள்ள, தூங்கிட்டியா? ஒரு கொம்பன் எனக்கு முன்னாடி இந்தப் பக்கமா வந்தானே, பாக்கல?"

"நீ எதுக்கு இங்க வந்த?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "பத்து மணி வரைக்கும் குளத்துக்கிட்ட இருக்கறதாத்தானே பேச்சு? தொப்பி எங்க?"

"நடந்ததுல வேர்த்துச்சு, பாக்கெட்டுல வச்சேன். எதுக்கு இப்படிக் கத்துற?" பக்கத்தில் மரக்கட்டையில் உட்கார்ந்தான். "போன வருஷத்துலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல. சுத்தி வந்து அவனை உன் பக்கம் ஓட்டிவிடலாம்னு பாத்தேன். ஒண்ணு அடிச்சா நீ சரியாயிடுவேல்ல."

பாவி! அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குடிலுக்கு வந்து பீன்ஸைச் சுடவைத்தான். நான் மேசையில் உட்கார்ந்து அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது. வானம் மூட்டமாக இருந்ததால் கண்ணாடி மின்னவில்லை. வாயைத் திறக்காவிட்டால் மத்தியானம் மறுபடி காட்டுக்குப் போகலாம், நாளைக்கும் போகலாம், அடுத்த வருஷமும் போகலாம். இரண்டு கரண்டி சாப்பிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, காலையில ஸ்கோப்புல உன்னைப் பாத்தேன்."

"எங்க?"

"நெஞ்சுல. மேலேர்ந்து மூணாவது பொத்தான்."

அவன் குனிந்து பார்த்தான். பொத்தானைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு அடுப்பை அணைக்க எழுந்துபோனான். அடுப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது.

"சரி, விடு," என்றான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நானும் சொன்ன இடத்துல இல்ல. தொப்பியும் போடல. யாரு பாத்தா? நாம ரெண்டு பேருதானே இருக்கோம்."

"ஃப்ளோரியனை அனுப்பின அன்னிக்கும் நாம மூணு பேருதான் இருந்தோம்."

"அது வேற! அவன் துப்பாக்கியால வேடிக்கை பாத்தான். நீ மான்னு நெனச்ச."

"அவன் குதிரையை இழுக்கலண்ணே. நான் இழுத்துட்டேன். விரலும் விசை மேல இருந்துச்சு."

ஓவிலா திரும்பினான். நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அறுபத்து நாலு வயதில் அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் கை மேசைமேல் கிடந்தது. நான் அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன், ஆனால் கை நீளவில்லை.

எழுந்து போர்வையைச் சுருட்டினேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாக லீவரால் வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். பையைக் கட்டி, நானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். அவன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ, அது வேறு கதை.

வண்டிவரை பின்னாலேயே வந்தான்.

"அப்ப நான் மட்டும் இங்க தனியா என்ன பண்றது?" என்றான். கோபமாகத்தான் கேட்டான், ஆனால் வண்டிக் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ரெண்டு கட்டில் காலியா இருக்கு. ஃப்ளோரியனைக் கூப்பிடு."

"பன்னண்டு வருஷம் ஆச்சு, ரெஜின். அவன்கிட்ட என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

"நான் செஞ்சதைச் சொல்லிக் கூப்பிடு," என்றேன்.