மதில் சன்னல் வழியே ஒரு விடைக்கோழி

தலையில் ரத்தம் காய்ந்துபோன விடைக்கோழியை ஹோசியத் மதில் சன்னல் வழியாக நீட்டியபோது அது தும்மியது. கோழியின் தும்மல் என்ன பெரிய தும்மல், ஈரத் துணியைச் சொடுக்கியதுபோல ஒரு சின்னச் சத்தம். அந்தப் பக்கம் கைநீட்டிய சனோபருக்குக் கேட்கவில்லை. அவள் வீட்டு வானொலி உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. ஹோசியத்துக்குக் கேட்டது. எங்கள் தெருக்கோடி வீட்டில் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் கிசுகிசுத்தால்கூட அவளுக்குக் கேட்டுவிடும். கைக்குள் இருக்கிற கோழி தும்மியது கேட்காமலா போகும்?

"ஐயோ, மண்டையப் பொளந்து வெச்சிருக்கே! கோழி வளக்கறியா, ரவுடி வளக்கறியாடி?" என்றாள் சனோபர்.

"உங்க கோழிங்க சாதுங்கக்கா. நாலு நாள் வெச்சிருந்து தேத்திக் குடுங்க."

"திருப்பியெல்லாம் தர மாட்டேன். என் வீட்டுக்கு வந்துட்டா என் பொண்ணுதான்."

சொல்லிவிட்டு அதன் நெற்றியில் சத்தமாக ஒரு முத்தமும் கொடுத்தாள். ஹோசியத் சிரித்தாள். தும்மலைப் பற்றிச் சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு முற்றங்களுக்கும் நடுவே உள்ள மண்மதிலில், ஒரு தலையணை நுழையும் அளவுக்கு அந்தச் சன்னல். அவர்கள் இருவரும் மருமகள்களாக இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சூப்பும் நான் ரொட்டியும் உப்பும் வதந்தியும் அதன் வழியாகத்தான் போகும், வரும். ஒரு கிண்ணம் போனால் வெறும் கிண்ணமாகத் திரும்பாது; ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி உலர்திராட்சையாவது கிடக்கும். சனோபரின் வீட்டிலிருந்து வரும் கிண்ணத்தில் பனிக்காலத்திலும் முட்டை இருந்தது. ஹோசியத்தின் கிழட்டுப் பெட்டைகளோ இலையுதிர் காலத்தோடு கடையைக் கட்டிவிட்டன. எத்தனை நாள்தான் உலர்திராட்சை போட்டு அனுப்புவது? அந்தக் கடுப்பில்தான் அவள் ஞாயிற்றுச் சந்தைக்குப் போய், வேன் பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தவனிடம் அரைடஜன் விடைக்கோழிகளை வாங்கி வந்தாள். இன்னும் முட்டையிடத் தொடங்காத, கொண்டை சிவக்காத, எதைப் பார்த்தாலும் மிரளுகிற கன்னிக் கோழிகள்.

புதுக்கோழியை உடனே பழைய கோழிகளோடு விடக்கூடாது. தனியாகக் கட்டி வைத்து, தின்கிறதா, கழிகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்கவேண்டும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹோசியத் ஊருக்கே பாடம் எடுப்பாள். ஆனால் தனியாக வைக்க விறகறையைக் காலி செய்யவேண்டும். அதற்கு ஒரு மதியம் போதும். அந்த மதியம் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் புலாவ் இருந்தது, புலாவைவிட ருசியாக அந்தச் சம்பந்தி வீட்டாரைப் பற்றிய பேச்சு இருந்தது. அவள் இரும்புக் கரண்டியில் கங்கு எடுத்து, திருஷ்டி கழிக்கிற இசிரிக் மூலிகையைத் தூவி, மணமாகப் புகை கிளம்பியதும் பெட்டியைச் சுற்றி மூன்று முறை காட்டினாள். பிறந்த குழந்தைக்கும் புது மருமகளுக்கும் காட்டுகிற புகை, கோழிக்குப் போதாதா? இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கிழவிகளுக்கு நடுவே கம்பில் உட்காரவைத்தாள். விடிந்ததும் பக்கத்தில் இருப்பவள் நேற்றும் இருந்தவள்தான் என்று கிழவிகள் ஏமாந்துவிடும் என்பது கணக்கு.

ஏமாறவில்லை. நொண்டிச்சி என்று அவள் பெயர் வைத்திருந்த சிவப்புப் பெட்டை, கம்பிலிருந்து இறங்கியதுமே வேலையைத் தொடங்கிவிட்டது. தீனித் தட்டு ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். நொண்டிச்சி நொண்டி நொண்டி இரண்டையும் காவல் காத்தது. கவனம் திரும்பட்டும் என்று குதிரைமசால் தழைக்கட்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டாள். அதைக் கொத்திவிட்டு வந்து இவற்றைக் கொத்தின. மற்ற ஐந்தும் ஓடத் தெரிந்தவை. சாம்பல் கழுத்துக்காரி மட்டும் மூலையில் முகத்தைப் புதைத்து நின்று வாங்கிக்கொண்டது. அதைத் தூக்கித் துடைக்கும்போதுதான் மூக்கோரத்தில் நுரையைப் பார்த்தாள். குளிர்காற்று, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே சன்னலுக்கு நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் நொண்டிச்சி கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கூட்டின் தரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். ஹோசியத் பார்த்தவுடன் புரிந்துகொண்டாள், கை தன்னால் மண்வெட்டியைத் தேடியது. அவள் வாதுமை மரத்தடியில் புதைத்துக்கொண்டிருக்கும்போதே சன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னடி, உங்க நொண்டி மகாராணி சத்தத்தையே காணோம்?"

"கிழடாயிடுச்சுல்லக்கா. சூப் வெச்சுட்டேன்."

"எனக்கு ஒரு கிண்ணம் குடுக்கணும்னு தோணல பாரு!"

இப்போதாவது கத்தியிருக்கலாம். அக்கா, அந்தச் சாம்பல் கழுத்துக்காரியைத் தனியாகக் கட்டுங்கள் என்று ஐந்தாறு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் சூப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், தும்மலைப் பற்றியும் சொல்லவேண்டும். அவள் மண்ணை மிதித்துச் சமன் செய்தாள்.

சனோபரின் புள்ளிக்கோழிகள் ஒவ்வொன்றாகப் போயின. மகன் ரஷ்யாவில் கட்டடவேலைக்குப் போன வருடம் அவன் கையால் வாங்கிக் கொடுத்தவை; அவன் பெயரைச் சொல்லித்தான் காலையில் தீனி போடுவாள். கடைசிக் கோழியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை, சன்னலின் இந்தப் பக்கம் நின்று ஹோசியத் முழுவதும் கேட்டாள்.

"எவ கண்ணு பட்டுச்சோ," என்றாள் சனோபர். "இப்படி வாசல் கூட்டின மாதிரி போகுமா?"

ஹோசியத்தின் வாய் பேசிப் பழகிய வாய். "போன வாரம் மஸ்தூரா வந்திருந்தா இல்ல? முட்டை பன்னு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டிருந்தாளே..." என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொன்னோம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவள் எண்ணிப்பார்த்தாள். அவ்வளவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது.

மஸ்தூராவுக்கு வெளிறிய கண்கள், பிள்ளையில்லை, எதைப் பார்த்தாலும் 'அட, எவ்வளவு அழகு!' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். கூடவே திருஷ்டி கழிய ஒரு வார்த்தை சேர்க்க மறந்துவிடுவாள். இதையெல்லாம் முப்பது வருடமாகத் தெரு பொறுத்துப் போனதற்குக் காரணம், இங்கே பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் தொட்டில் மெத்தையையும் அவள்தான் தைத்தாள் என்பது. இப்போது அவள் வந்தால் பெண்கள் மாட்டைக்கூடக் கொட்டிலுக்குள் ஓட்டினார்கள்.

சாம்பல் கழுத்துக்காரிதான் சாகவில்லை. தும்மி முடித்துக் கொண்டை சிவந்து, சனோபரின் வெறும் முற்றத்தில் ராணி மாதிரி திரிந்தது. "கடவுளாப் பாத்து விட்டுவெச்ச பொண்ணு" என்று சனோபர் அதன் காலில் திருஷ்டிக்கு நீல மணி கட்டினாள்.

வாதுமை காய்ப்பிடிக்கும் நேரத்தில் சனோபருக்குப் பேரன் பிறந்தான். தொட்டில் விழாவுக்கு வீடு வீடாக அழைப்பு போனது. ஒரு வீட்டுக்குப் போகவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் காலை மஸ்தூரா ஹோசியத்தின் வாசலுக்கு வந்தாள். தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தாள். முற்றத்தில் மிஞ்சிய கோழிகள் மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டதும் பார்வையைத் தரைக்கு இறக்கி, சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து வந்தாள். கையில் ஒரு பொதி.

"உக்காரல. தேத்தண்ணி வேணாம்," என்றாள். "இத நீ தைச்சதா சொல்லிக் குடுத்துடு."

ஹோசியத் பிரித்தாள். தொட்டில் மெத்தை. மாதுளம்பூ சிவப்பில், விளிம்பு முழுக்கக் கடுகு கடுகாய்த் தையல்.

"எனக்கு ஊசில நூல் கோக்கவே வராதே, யார் நம்புவா?"

"பிள்ளைக்கு அடியில போட்டுட்டா யார் தையலப் பாக்கப் போறா?" மஸ்தூரா சிரிக்கப் பார்த்தாள். "தைக்கறப்ப நான் இதச் சரியாப் பாக்கக்கூட இல்ல ஹோசியத். விரல் தடவியே தைச்சேன்."

ஹோசியத் மெத்தையை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"எந்த வாய் ஆரம்பிச்சதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றாள் மஸ்தூரா, வாசலில் நின்று, திரும்பாமல். "உனக்குத் தெரியாம இந்தத் தெருவுல பால் பொங்குமா? சொல்ல வேணாம். சும்மாதான் கேட்டேன்."

போய்விட்டாள். போகும்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே.

ஹோசியத் வெகுநேரம் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் தைத்தேன் என்று சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. இதைவிடப் பெரிய பொய்களை அவள் புலாவ் தின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

சன்னலில் தட்டினாள். அந்தப் பக்கம் சனோபரின் கை, மாவு ஒட்டிய கை, ஏற்கெனவே எதையோ நீட்டிக்கொண்டு வந்தது. நீலக் கிண்ணம். அதில் ஒரே ஒரு முட்டை, புறா முட்டையைவிடச் சற்றுப் பெரியது, ஓட்டில் மெல்லிய ரத்தக் கோடு.

"பாருடி, பொண்ணு முட்டையிட்டுட்டா! இன்னும் சூடா இருக்கு. முதல் முட்டை உனக்குத்தான், நீ குடுத்த பொண்ணுல்ல?"

இடது கையில் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வலது கையால் மெத்தையை நீட்டினாள் ஹோசியத். சனோபர் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அட! யாருடி தைச்சது? இந்தத் தையல் நம்ம..." என்று தொடங்கி நிறுத்தினாள். கை மட்டும் விடவில்லை.

"அக்கா, வானொலியக் கொஞ்சம் நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துங்கக்கா."

பாட்டு நின்றது. அந்தப் பக்கம் நீலமணிக் கால் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது.

"அந்தக் கோழி," என்றாள் ஹோசியத், "நான் உங்க கையில குடுக்கறப்பவே தும்மிச்சு."

முகம் தெரியாத உயரத்தில் சன்னல். மாவு காய்ந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மண்மதிலின் நடுவே, இரண்டு முற்றங்களுக்கும் இடையில், சிவப்பு மெத்தை விறைப்பாக நின்றது. கிண்ணத்தில் முட்டை மெல்ல உருண்டு விளிம்பில் தட்டியது.