இரண்டே முக்கால் மில்லி

பேங்க் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு குருமூர்த்தி சென்னைக்குப் போய் ஒரு வெளிநாட்டு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து விருத்தாசலத்தில் அவரைத் தவிர வேறு யாருக்கும் காது இல்லை என்றாகிவிட்டது.

அவர் அம்சவல்லியின் நாத்தனார் அனுசியாவின் கணவர். அம்சவல்லிக்கு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்க வேண்டும். அதனால்தான் அவளைத் தேடி வந்தார்.

"பழைய ரெக்கார்டு மெல்லிசு, இப்ப வர்றது தடிமன். தட்டு தடிச்சா முள்ளு மேல ஏறிடுது, முள்ளைத் தாங்கற கையோட பின்பக்கம் தாழ்ந்து போவுது. கைக்கு அடியில வளையம் குடுத்து ஒசத்தணும். உனக்குச் சொன்னா புரியாது அம்சா. மெல்லிசுக்கு ரெண்டு மில்லிமீட்டர் ஒசரம், தடிமனுக்கு ரெண்டே முக்கால். செஞ்சு மட்டும் குடு."

நாளெல்லாம் மில்லியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு மில்லி புரியாதாம்.

சூட்டில் வெடித்துவிடுமே என்று கம்பெனிச் சூளையில் பீங்கான் வளையத்தை அளவுக்கு நான்காகச் சுட்டாள். அளவுக்கு ஒன்றாக இரண்டை எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே அளவு எழுதி அனுசியாவிடம் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை மிச்சத்தை எண்ணியபோதுதான் தெரிந்தது, இரண்டு கவரிலும் இரண்டு மில்லியே போயிருக்கிறது. தன் வேலையில் இப்படியொரு தப்பா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை சரியான வளையத்தோடு கணவன் பாண்டியனையும் கூட்டிக்கொண்டு போனாள். ஹாலில் பக்கத்து வீட்டு மாணிக்கவேலும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தவளை குருமூர்த்தி உதட்டில் விரல் வைத்து அடக்கினார். மெல்லிய தட்டு பாடி முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தி, மற்ற வளையத்தைச் செருகி, தடிமன் தட்டை ஓடவிட்டார்.

"மேடையே கண்ணுக்குத் தெரியுதா?"

"வயலின்காரரு ஜன்னலோரம் உக்காந்திருக்காரு சார்," என்றார் மாணிக்கவேல், கண்ணை மூடியபடி.

"எனக்குப் பாடறவரு மூக்கடைச்சாப்ல இருக்குது மாமா," என்றான் பாண்டியன்.

"லாரி ஓட்டற காது மாப்ள. வேப்பூர் ரோட்ல ஹாரன் கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சு. அதுல இதெல்லாம் எங்க ஏறும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்த எண்ணத்தைக் கைவிட்டாள்.

"அண்ணா, நீங்க இப்பப் போட்டிருக்கறதும் ரெண்டு மில்லிதான். கவர்ல மாத்திப் போட்டுட்டேன், என் தப்பு. ரெண்டும் ஒண்ணுதான், அளந்து பாருங்க."

பையிலிருந்து அளவுகோலை எடுத்து நீட்டினாள். குருமூர்த்தி தொடவில்லை. மாணிக்கவேல் கண்ணைத் திறந்தார்.

அவளே திருகைத் தளர்த்தி இரண்டே முக்காலைச் செருகி இறுக்கினாள். அதே தட்டு, அதே பாட்டு.

"இப்ப மூக்கு தொறந்துகிச்சு," என்றான் பாண்டியன்.

"ஒரு வித்தியாசமும் இல்ல," என்றார் குருமூர்த்தி.

சமையலறை வாசலில் நின்றிருந்த அனுசியா, "எனக்கே தெரியுதுங்களே," என்றாள். பிளேயர் வந்து ஒரு வருஷமாகிறது. உட்கார்ந்து கேள் என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை.

குருமூர்த்தி சுவிட்சை அணைத்தார்.

"இன்னிக்கு வோல்டேஜ் சரியில்ல," என்றார்.